வீட்டுக் கரி உலைக்குக் காற்று: கொடுப்பதும் கட்டுப்படுத்துவதும்

உலையைக் கட்டி, கரியை வாங்கி, பட்டறைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டும் தேடிப் பிடித்த பிறகுதான் பலரும் காற்றைப் பற்றி யோசிக்கிறார்கள். கைக்குக் கிடைத்த ப்ளோயரை ஒரு குழாயில் சொருகிவிடுகிறார்கள். அன்று மாலையே இரண்டில் ஒரு புகார் வரும்: "இரும்பு ஒழுங்கா சிவக்கவே மாட்டேங்குது", இல்லையென்றால் "ஒரு மூட்டைக் கரி ரெண்டே நாள்ல காலி". இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். காற்று அளவுக்கு மீறிப் போகிறது, அதைக் குறைக்க வழி வைக்கவில்லை.

என் வீட்டுக் கொல்லையில் கத்தி, உளி, களைக்கொத்தி அளவுக்கு வேலை செய்யும் மரக்கரி உலை ஒன்று இருக்கிறது. மூன்று முறை பிரித்துக் கட்டியிருக்கிறேன். பழக வந்தவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். சொல்வது எல்லாம் மரக்கரிக்கு. நிலக்கரிக்கு எங்கே மாறுமோ அங்கே குறிப்பிடுகிறேன்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

இடம் முதலில். திறந்த வெளி, அல்லது மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. கரி நெருப்பு கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அறைக்குள் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்வது போதவே போதாது. வேலை செய்யும்போது தலை வலித்தாலோ கிறுகிறுத்தாலோ உடனே உலையை விட்டு விலகி வெளிக்காற்றுக்கு வாருங்கள். ஓலைக் கூரையும் வைக்கோலும் பக்கத்தில் இருக்கக் கூடாது, பொறி பறக்கும்.

குழாய்களுக்கு: 1 அங்குல எம்.எஸ். (பூச்சு இல்லாத சாதா இரும்பு) கறுப்புக் குழாய் ஒன்றரை அடி, கடையில் "சி கிளாஸ்" என்று கேளுங்கள், அதுதான் கனமான சுவர் உள்ளது. ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய் மூன்று அடி, அதே அளவில் ஒரு டீ (T வடிவில் மூன்று வாய் உள்ள இணைப்பு), ஒன்றரையிலிருந்து ஒன்றுக்கு இறக்கும் ரெடியூசர் ஒன்று. பழைய சைக்கிள் டியூப், இரண்டு ஹோஸ் கிளிப், கொஞ்சம் தகரம், ஒரு போல்ட்டும் நட்டும்.

நெருப்புக்குள் போகும் குழாய் கறுப்புக் குழாயாகவே இருக்க வேண்டும். ஜி.ஐ. குழாயின் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துப் புகையாகிவிடும். உலையின் நடுச்சூடு அதைவிட அதிகம். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். ஜி.ஐ. தகட்டில் வெல்டிங் வைத்த ராத்திரி காய்ச்சல் அடிக்கும் என்று வெல்டர்கள் சொல்வார்களே, அதே சங்கதி. "முதல் தடவை எரிச்சுட்டா பூச்சு போயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கரியில் சீமைக்கருவேலங்கரி நன்றாக வேலை செய்யும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது அதுதான். வாங்கியதை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துச் சலித்து, தூளை ஒதுக்கிவிடுங்கள். தூள் காற்றின் வழியை அடைக்கும். பெரிய கட்டிகளுக்கு நடுவே சந்து விழுந்து, எரியாத காற்று நேராக இரும்பில் போய் மோதும். சிரட்டைக் கரியாக இருந்தால் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை மறிக்கும். பொடிசாக உடைத்துக் கருவேலங்கரியோடு கலந்து போடலாம்.

2. எவ்வளவு காற்று தேவை என்று கணக்குப் போடுங்கள்

ப்ளோயர் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கு. 1 கிலோ கார்பன் முழுதாக எரிய ஏறக்குறைய 11.5 கிலோ காற்று வேண்டும். அதன் கொள்ளளவு சுமார் 10 கன மீட்டர். நான் சொல்லும் அளவு உலை, நிதானமாக ஓட்டினால், மணிக்கு 2 கிலோ கரி சாப்பிடும். அப்படியானால் மணிக்கு 20 கன மீட்டர், நிமிடத்துக்கு 330 லிட்டர்.

இப்போது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், தூசி ஊதும் கை ப்ளோயரின் அட்டைப் பெட்டியைப் பாருங்கள். நிமிடத்துக்கு 2 முதல் 3 கன மீட்டர் என்று போட்டிருக்கும். நமக்குத் தேவையானதைப் போல ஆறு முதல் ஒன்பது மடங்கு. குழாயும் கரியும் மறிப்பதால் அவ்வளவும் உள்ளே போகாது என்றாலும், மிச்சமே அதிகம். "பெரிய மோட்டாரா வாங்கிட்டா நல்லா சூடாகும்" என்ற நினைப்பு இந்த இடத்திலேயே போய்விட வேண்டும்.

3. ஊதும் கருவியைத் தேர்ந்தெடுப்பது

பழகத் தொடங்குபவருக்கு என் சிபாரிசு கையால் சுற்றும் சக்கரத் துருத்திதான். கை நின்றால் காற்று நிற்கும். இரும்பை எடுத்து அடிக்கும் நேரத்தில் கரி வீணாக எரியாது. எவ்வளவு சுற்றினால் நெருப்பு எப்படி மாறுகிறது என்பது கைக்கே பழகிவிடும். கூட ஒரு ஆள் இல்லாவிட்டாலும் இடது கையால் சுற்றிக்கொண்டு வலது கையால் இரும்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தில்தான் வேண்டும் என்றால், நத்தைக் கூடு போன்ற உறைக்குள் சக்கரம் சுற்றும் வகையாகப் பாருங்கள். அதுதான் எதிர்ப்பை மீறிக் காற்றைத் தள்ளும். கம்ப்யூட்டர் விசிறி, எக்ஸாஸ்ட் ஃபேன் போன்றவை வெறும் வெளியில் நன்றாக வீசும். குழாயில் பொருத்திக் கரியைக் குவித்ததும் காற்று திரும்பி வந்துவிடும்.

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கார் ஏசி ப்ளோயர், 12 வோல்ட், அருமையான தேர்வு. கை ப்ளோயர் என்றால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளதாக வாங்குங்கள். சின்ன உலைக்கு ஹேர் டிரையரே போதும், குளிர்காற்றில் வைத்து ஓட்டுங்கள். அதைப் பிரித்துச் சூட்டுக் கம்பியை நீக்கி நேராக இணைக்காதீர்கள். பல டிரையர்களில் அந்தக் கம்பி வழியாகத்தான் மோட்டாருக்குக் குறைந்த வோல்ட் போகிறது, அது இல்லாவிட்டால் மோட்டார் கருகிவிடும்.

அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு, சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைக் கை ப்ளோயருக்குப் போடுவது. அந்த ரெகுலேட்டர் 100 வாட் அளவுக்குச் செய்தது, ப்ளோயர் 500, 600 வாட் இழுக்கும். நானும் முதல் வருடம் இதைச் செய்தேன். பத்து நிமிடத்தில் ரெகுலேட்டர் உருகி நாற்றம் வந்தது. சுவிட்ச் பெட்டி உலையிலிருந்து எட்டத்தில் இருந்ததால் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடனே தெரியவில்லை.

4. மூக்கு: காற்று நெருப்புக்குள் நுழையும் இடம்

குழாயின் கடைசி முனையை மூக்கு என்கிறேன். மரக்கரிக்கு மூக்கைப் பக்கவாட்டில் வைப்பதே நல்லது. சாம்பல் மூக்குக்குக் கீழே குழியில் இறங்கிவிடும், காற்றின் பாதையில் சேராது. லாரி பிரேக் டிரம்மில் அடியிலிருந்து ஊதும் உலையும் செய்யலாம். அதற்குக் கீழே டீ போட்டு, சாம்பல் விழ மூடியுள்ள வழி வைத்தாக வேண்டும். நிலக்கரி எரிப்பவர்களுக்கு அது தோதுப்படும். மரக்கரிக்கு அந்தக் கூடுதல் வேலை தேவையில்லை.

கரி எரியும் குழியை மண்ணால் கட்டுங்கள்: புற்றுமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, சலித்த சாம்பல் கொஞ்சம், பிசைந்து உருட்டினால் விரியாமல் நிற்கும் பதம். குழியின் வாய் 15 முதல் 18 செ.மீ. அகலம். மூக்கின் மையம் குழியின் அடியிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். மூக்குக்கு மேலே குழிச் சுவர் இன்னும் 8 முதல் 10 செ.மீ. உயர வேண்டும். இந்த மேல் அளவை யாரும் விட்டுக்கொடுக்காதீர்கள். காரணம் 9ஆம் பகுதியில் இருக்கிறது.

மூக்கு குழிச் சுவரோடு ஒட்டி நிற்கட்டும், உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் முனை எரிந்து தேயும். குழாய் நெருப்பை நோக்கி லேசாகச் சரிந்திருக்கட்டும், ஒரு அடிக்கு ஒரு விரற்கடை போதும். எதிர்ப்பக்கம் சரிந்திருந்தால் காற்று நின்ற நேரத்தில் கங்குத் துண்டுகள் குழாய்க்குள் உருண்டு ப்ளோயர் பக்கம் போகும்.

மண்ணை நிழலில் நாலைந்து நாள் காயவிட்டு, பிறகு சின்னச் சுள்ளி நெருப்பில் இரண்டு முறை சூடுகாட்டுங்கள். ஈர மண்ணில் நேராக உலை நெருப்பைப் போட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பொளிந்து தெறிக்கும். விரிசல் விழுந்தால் அதே மண்ணைக் கூழாகக் கரைத்துப் பூசிவிடலாம், அது குற்றமில்லை.

5. குழாயும் திறப்பும்

வரிசை இப்படி: ப்ளோயர், சைக்கிள் டியூப் இணைப்பு, ஒன்றரை அங்குலக் குழாய், டீ, ரெடியூசர், 1 அங்குல மூக்கு. ப்ளோயர் நெருப்பிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். பி.வி.சி. குழாயை உலைப் பக்கம் கொண்டுவராதீர்கள், வெளியே தெரியாமல் உள்ளே இளகி அமுங்கிவிடும்.

டீயின் பக்கக் கிளைதான் இந்த அமைப்பின் உயிர். அதைக் கீழ்நோக்கி, உங்கள் காலைப் பார்க்காத திசையில் திருப்பி வையுங்கள். அதன் வாயில் ஒரு தகர வட்டத்தைப் போல்ட்டில் மாட்டி, கதவு போல இப்படியும் அப்படியும் நகரும்படி செய்யுங்கள். தகரம் முழுக்கத் திறந்திருந்தால் காற்றில் பெரும்பகுதி கிளை வழியே வெளியே போய்விடும். நெருப்புக்கு ஒரு மெல்லிய மூச்சு மட்டும் கிடைக்கும். மூட மூட நெருப்புக்குப் போகும் காற்று கூடும். கிளையின் வாய் மூக்கின் வாயைவிடப் பெரிதாக இருந்தால்தான் இது நடக்கும். ஒன்றரைக்கு ஒன்று என்று அளவு சொன்னது அதற்காகத்தான்.

குழாயிலேயே ஒரு வால்வைப் போட்டு நெரித்தால் என்ன என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் சின்ன மோட்டார்கள் பலவற்றில் தான் ஊதும் காற்றால்தான் மோட்டாரே குளிர்கிறது. நெரித்து வைத்தால் சூடாகிக் கெடும். வெளியேற்றும் வழி இருந்தால் மோட்டார் எப்போதும் சுகமாக ஓடும். வால்வுதான் வேண்டுமென்றால் கால் சுற்றில் திறந்து மூடும் பால் வால்வு போடுங்கள். கேட் வால்வைப் பத்துச் சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் இரும்பு கருகிவிடும்.

தகரத்தின் பிடியை, உலைமுன் நின்று குறடு பிடித்த நிலையிலேயே மற்றக் கைக்கு எட்டும்படி வையுங்கள். இரண்டடி நடந்து போய்த் திருப்ப வேண்டியிருந்தால் யாரும் திருப்ப மாட்டார்கள். நான் பார்த்த பழகுநர்கள் அத்தனை பேரும் அப்படித்தான்.

6. நெருப்பில்லாமல் ஒரு சோதனை

ஊதுபத்தியைக் கொளுத்தி, காற்றை ஓட விட்டு ஒவ்வொரு இணைப்புக்குப் பக்கத்திலும் காட்டுங்கள். புகை சிதறும் இடத்தில் கசிவு. டியூப் ரப்பர் சுற்றி இறுக்குங்கள். நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தால் மண் பூசுங்கள்.

பிறகு மூக்கின் முன் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டியபடி தகரத்தை மெல்ல மூடித் திறங்கள். கையில் படும் காற்று படிப்படியாகக் கூடிக் குறைய வேண்டும். பாதி மூடும் வரை ஒன்றும் இல்லாமல், திடீரென்று பீறிட்டால் ப்ளோயர் மிகப் பெரிது. வேகத்தைக் குறைத்தோ ப்ளோயர் உறிஞ்சும் வாயை ஓரளவு மறைத்தோ சரிசெய்யுங்கள்.

7. பற்றவைப்பது

தகரத்தை முழுக்கத் திறந்து வையுங்கள், அதாவது நெருப்புக்கு மிகக் குறைந்த காற்று. மூக்கின் முன் தேங்காய் நாரும் சுள்ளியும் வைத்துக் கொளுத்தி, தீப்பிடித்ததும் இரண்டு கைப்பிடி சின்னக் கரி. அது கங்கானதும் இன்னும் கொஞ்சம். பிறகுதான் மீதிக் கரியைக் குவியலாக ஏற்ற வேண்டும்.

பொறுமை இல்லாமல் முதலிலேயே முழுக் காற்றையும் விட்டால் எரியும் நாரும் கங்கும் சிதறிப் பறக்கும், மிச்சக் கரி குளிர்ந்து அணையும். பத்து நிமிடம் கொடுங்கள். கரியில் வேகாத கட்டிகள் இருந்தால் இந்த நேரத்தில் மஞ்சளாகப் புகையும். அது அடங்கும் வரை இரும்பை வைக்காதீர்கள்.

8. நெருப்பைப் பார்த்துக் காற்றை மாற்றுவது

மற்றதெல்லாம் ஒருநாள் வேலை. இதற்குத்தான் நாள் பிடிக்கும். நாலு அடையாளங்களைப் பாருங்கள்.

பொறி: அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பறந்தால் சரி. ஊற்றுப் போல எழும்பினால் காற்று அதிகம்.

குவியல்: கரித்துண்டுகள் அசையக் கூடாது. துள்ளினாலோ, மூக்கின் முன் குகை போல வெற்றிடம் விழுந்தாலோ உடனே குறையுங்கள். அந்தக் குகைக்குள் காற்று எரியாமலே புகுந்து இரும்பைக் குளிரவும் வைக்கும், அரிக்கவும் செய்யும். "சிவக்கவே மாட்டேங்குது" என்ற புகாரின் மூலம் இதுதான்.

சுடர்: குவியலின் மேல் சின்ன நீலச் சுடர் தவழ்ந்தால், நடுவில் இருந்த ஆக்ஸிஜன் எல்லாம் கரியோடு சேர்ந்துவிட்டது என்று பொருள். மேலே எரிவது கார்பன் மோனாக்சைடு. இரும்புக்கு அதுவே நல்ல சூழல். முகத்தை அதன் மேல் கவிழ்க்காதீர்கள்.

செதில்: இரும்பை வெளியே எடுத்ததும் மேலே படர்ந்திருக்கும் சாம்பல்நிறப் படலத்தைக் கவனியுங்கள். மெல்லிசாக இருந்தால் சரி. தடித்து, தட்டும்போது பட்டை பட்டையாக உதிர்ந்தால் உங்கள் காற்றில் மிஞ்சிய ஆக்ஸிஜன் இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது.

நிழலில் நின்று பாருங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், இல்லை. வெயிலில் ஆரஞ்சு நிறமே மங்கலாகத்தான் படும். இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் காற்றைக் கூட்டிவிடுவோம். சந்தேகம் வந்தால் இரும்பை வெளியே எடுத்து, கம்பியில் கட்டிய காந்தத்தைத் தொட்டுப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் இரும்பைக் காந்தம் விட்டுவிடும். அந்த நிறத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டால் மற்ற நிறங்களுக்கு அது அடையாளமாக நிற்கும்.

போன வருடம் ஒரு தம்பி லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டில் உளி அடிக்க வந்தான். முதல் மூன்று சூட்டில் நன்றாகவே செய்தான். நாலாவதில் தகரத்தை முழுக்க மூடிவிட்டுச் சுத்தியலின் காம்பைச் சரிசெய்யத் திரும்பினான். ஒரு நிமிடம் இருக்கும். இழுத்தபோது முனை கம்பி மத்தாப்பு போல வெள்ளைப் பொறி சிந்தியது. "அண்ணே, நல்லா சூடாயிருச்சு" என்றான் சந்தோஷமாக. பட்டறைக்கல்லில் வைத்து ஒரே அடி. முனை ஈரமண் கட்டி போலப் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே மணிமணியாக, சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல் இருந்தது. எரிந்துபோன எஃகைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு நல்ல இடத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். பொறி சிந்தும் முன்பே எடுக்க வேண்டும். கவனம் வேறு பக்கம் போவதற்கு முன் தகரம் திறந்தாக வேண்டும்.

ஆகவே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டிய வரிசை: இரும்பை வைத்ததும் மூடு, எடுக்கப் போகும்போது திற, பிறகு எடு, அடி. எடுத்த பிறகு திறக்கலாம் என்று வைத்தால் மறந்துபோகும், அடிக்கும் நேரமெல்லாம் கரி வீணாகும்.

9. இரும்பு எந்த உயரத்தில்

மூக்கிலிருந்து வரும் காற்று முதலில் சந்திக்கும் கரிதான் ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது. அதற்கு 7 முதல் 10 செ.மீ. கங்கு வேண்டும். 4ஆம் பகுதியில் சுவர் உயரத்தை வலியுறுத்தியது இதற்காக. இரும்பை அந்த உயரத்தில் படுக்கை வாட்டில் நுழைத்து, மேலே இரண்டு அங்குலம் கரி மூடுங்கள்.

பழகுநர்கள் எல்லோரும் முனையைக் கீழ்நோக்கிக் குத்துவார்கள். அங்கேதான் வெளிச்சம் அதிகம், கண் இழுக்கும். ஆனால் அது மூக்கின் வாய். எஃகு முதலில் எரியும் இடமும் அதுதான். கங்கு இறங்கிப் பள்ளமானால் காற்றைக் கூட்டாதீர்கள், கரியை நிரப்புங்கள்.

10. கரண்ட் போனால்

மின்சாரம் நின்றவுடன் முதல் வேலை, ப்ளோயரின் சுவிட்சை அணைத்துத் தகரத்தைத் திறப்பது. அப்படியே விட்டுவிட்டு நெருப்பைக் கிளறக் குனிந்திருக்கும்போது கரண்ட் வந்தால் முழுக் காற்றில் கங்கு முகத்தில் தெறிக்கும். கண்ணாடி எப்போதும் போட்டிருங்கள், உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும்.

அடுத்து சைக்கிள் டியூப் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். காற்று நின்றதும் எரியக்கூடிய வாயு குழாய்க்குள் பின்னோக்கி ஊர்ந்து வரும். மறுபடி ஊதும்போது அது குழாய்க்குள்ளேயே பற்றி வெடிக்கலாம். மரக்கரியில் இது குறைவு. புதிதாகப் போட்ட நிலக்கரியில் நிறையவே உண்டு, துருத்தியின் தோல் கிழியும் அளவுக்கு. திரும்பத் தொடங்கும்போது தகரம் திறந்த நிலையில் ப்ளோயரை ஓடவிட்டு, பிறகு குழாயை இணையுங்கள்.

11. வேலை முடிந்ததும்

கடைசி இரும்பை எடுத்ததும் தகரத்தைத் திறந்து, கரியைப் பக்கவாட்டில் பரப்புங்கள். குவியல் கலைந்தால் சூடு தானே இறங்கும். சைக்கிள் டியூப் இணைப்பைக் கழற்றிய பிறகு ப்ளோயரை நிறுத்துங்கள், முன்னால் அல்ல. இணைப்பு இருந்தபடி நிறுத்தினால் சூடும் வாயுவும் நேரே ப்ளோயருக்குள் போகும்.

மிச்சக் கங்கை இரும்புத் தகர டின்னில் அள்ளி இறுக்க மூடி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். காற்று கிடைக்காமல் அணைந்து, மறுநாளைக்கு நல்ல கரியாகவே இருக்கும். உலையில் தண்ணீர் ஊற்றினால் மண் வெடிக்கும்.

மறுநாள் காலை, மூக்கின் வாயில் கண்ணாடி போல உருகி ஒட்டியிருக்கும் கிட்டத்தை ஒரு கம்பியால் தட்டி எடுத்துவிட்டு, குழிக்கு அடியில் சேர்ந்த சாம்பலை அள்ளுங்கள். சாம்பல் மூக்கின் கீழ் விளிம்பைத் தொட்டுவிட்டால் அன்று காற்று ஒரு பக்கமாகவே போகும், இரும்பும் ஒரு பக்கமாகவே சூடாகும்.